நீல நிறம் சொன்ன சேதி

பெருங்குடலில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலி தருவதில்லை. ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளர்கிறது. ஆனால் அது வளரும் இடத்தில் அவ்வப்போது சிறிது குருதி கசிந்து மலத்துடன் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கசிவைக் கண்டறிந்தால் உயிரைக் காக்க முடியுமா? கேள்வி எளியதுதான். ஆனால் உறுதியான விடை கிடைக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

மரப்பிசின் செய்த உதவி

மேற்கிந்தியத் தீவுகளில் குவாயகம் என்னும் மரம் வளர்கிறது. இதன் பிசினைக் கொண்டு குருதியைக் கண்டறியும் முறையை 1864இல் வான் டீன் என்ற டச்சு அறிஞர் வெளியிட்டார். குருதியிலுள்ள ஹீமோகுளோபினில் இரும்பு அடங்கிய 'ஹீம்' என்னும் பகுதி இருக்கிறது. பிசினும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேருமிடத்தில் ஹீம் இருந்தால், பிசின் விரைவாக ஆக்சிஜன் ஏற்றமடைந்து நீல நிறம் பெறுகிறது.

மலத்தில் மறைந்துள்ள குருதி இரைப்பை, குடல் புற்றுநோய்களின் அடையாளமாக இருக்கலாம் என்று 1901இல் எடுத்துக்காட்டியவர் பெர்லின் மருத்துவர் இஸ்மார் போவாஸ். எனினும் நோய்க்குறி இல்லாத மக்களிடம் இச்சோதனை பரவ நெடுங்காலம் ஆயிற்று. 1967இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநில மருத்துவர் டேவிட் கிரீகர் ஒரு வழி காட்டினார். பிசின் ஊறிய தாள் அட்டையில் சிறிது மலத்தைத் தடவி அனுப்பினால் போதும், வீட்டிலேயே செய்துவிடலாம்!

கண்டறிவது வேறு, காப்பது வேறு

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவருக்கு நோயிருப்பது ஐந்தாண்டு முன்னதாகவே தெரிந்தும், அவர் இறக்கும் நாள் மாறவில்லை என்றால் சோதனையால் என்ன பயன்? ஆகவே, சோதனை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் பல்லாண்டுகள் ஒப்பிட்டுப் பார்ப்பது தேவையாயிற்று. மின்னசோட்டா மாநிலத்தில் 46,551 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தனர். 1993இல் முடிவு வெளியாயிற்று. 13 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தோர், சோதனைக்கு அழைக்கப்படாத குழுவில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 9 பேர். ஆண்டுதோறும் சோதிக்கப்பட்ட குழுவில் 6 பேர். மூன்றில் ஒரு பங்கு மரணம் குறைந்திருந்தது!

பிசின் சோதனைக்கு ஒரு குறை உண்டு. ஆட்டிறைச்சியிலுள்ள ஹீமும் முள்ளங்கியிலுள்ள நொதியும்கூட நீல நிறத்தைத் தந்து ஏமாற்றிவிடும். பிற்காலத்தில் வந்த நோய் எதிர்ப்பொருள் சோதனையோ மனித ஹீமோகுளோபினை மட்டுமே இனம் காண்கிறது. ஆகவே உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை. ஜப்பான் 1992இலேயே இதை நாடு தழுவிய திட்டமாக ஏற்றது.

நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

கசிவு எல்லா நாளும் இராது. எனவே ஒருமுறை குருதி இல்லை என்று தெரிந்தாலும், ஆண்டுக்கொரு முறையோ இரண்டாண்டுக்கொரு முறையோ சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். குருதி இருந்தால் அது புற்றுநோய்தான் என்று அஞ்ச வேண்டாம், மூலநோயாலும் கசியலாம். ஆனால் கொலனோஸ்கோப்பி என்னும் குடல் உள்நோக்குச் சோதனையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அதைச் செய்யாவிட்டால் முதற் சோதனை வீணே. மலத்தில் குருதி கண்ணுக்கே தெரிந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, அட்டைக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மலத்தைப் பற்றிப் பேச நாம் கூசுகிறோம். அந்தக் கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை ஓர் உயிராகிவிடக் கூடாதல்லவா?