மரையில்லாத குழல்

லா சப்பலில் எங்கள் நாடகத்துக்கு மெட்ராஸ் சிப்பாயின் துவக்கு தேவைப்பட்டது. கதை நடப்பது 1860இல். கடைக்காரர் 1853 மாதிரி என்ஃபீல்டின் நகலைக் காட்டினார்: வாய்வழியே மருந்திட்டு ஒருமுறை சுடுவது. 0.577 அங்குலக் குழல், உள்ளே மூன்று மரைப் பள்ளங்கள்.

நான் தயங்கினேன். 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்க்கு ஆங்கிலேயர் கொடுத்தது மரையே இல்லாத 0.656 அங்குலக் குழல். தோற்றத்தில் வெள்ளைக்காரனுடைய துவக்கேதான். தூரத்துக்குப் போனால் குறி தவறும். சம்பளத்துக்கு வைத்திருந்தவனை அவ்வளவுதான் நம்பினார்கள்.

"குழலுக்குள்ளே ஆரண்ணை பாக்கப்போகினம்?" என்றான் நடிக்கும் தம்பி. வாங்கினோம். ஆனால் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு மெட்ரோ ஏற, அவனுட்பட எங்கள் பெடியள் ஒருவரும் சம்மதிக்கவில்லை.