கூட்டு நினைவும் போத்தனூர் நிலையமும்

எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்பதைத் தனி மனிதனைவிட அவன் சார்ந்த சமூகமே பெரிதும் வகுக்கிறது. பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925ஆம் ஆண்டு இதனை ஒரு நூலாகவே எழுதினார். 1932இல் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் வேறொரு வழியில் இக்கருத்தை நெருங்கினார். அமெரிக்கப் பூர்வகுடியினரின் கதையொன்றை ஆங்கிலேயரிடம் படிக்கக் கொடுத்து, நாள் கழித்தும் மாதம் கழித்தும் திரும்பச் சொல்லச் செய்தார். தமக்குப் பழக்கமில்லாதவற்றை அவர்கள் அறியாமலே விட்டுவிட்டார்கள், பழக்கமானவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள்.

'கூட்டு நினைவு' எனப்படும் இக்கோட்பாட்டை விளக்கும் கலைக்களஞ்சியப் பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பியப் போர்களையே சான்று காட்டுகின்றன. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இத்தகைய பதிவைச் செம்மைப்படுத்த விழையும் நம் இளைஞர் அத்தனை தொலைவு செல்ல வேண்டியதில்லை.

1862இலேயே மலபாரோடு இருப்புப்பாதையால் இணைந்த ஊர் போத்தனூர். 1921 நவம்பரில், மாப்பிள்ளைமார் எழுச்சியில் கைதானவர்களை ஏற்றிய தொடர்வண்டி திரூரிலிருந்து புறப்பட்டது. சரக்கு ஏற்றும் மூடிய பெட்டி ஒன்றில் ஏறத்தாழ 100 பேரை அடைத்திருந்தனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள், இந்துக்கள் சிலரும் இருந்தனர். காற்று புகவேண்டிய கம்பிவலை வண்ணப்பூச்சாலும் தூசியாலும் அடைபட்டிருந்தது. உள்ளிருந்தோர் தண்ணீருக்கும் மூச்சுக்கும் கதறினர். நள்ளிரவை ஒட்டிப் போத்தனூரில் கதவு திறக்கப்பட்டபோது பலர் ஒருவர்மீது ஒருவராய் இறந்து கிடந்தனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உயிரோடிருந்தோர் கோயம்புத்தூருக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை. அரசு, நாப் என்னும் அதிகாரியின் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது.

இறந்தோர் 64 என்பர் சிலர். 67 என்பர், 70 என்பர் வேறு சிலர். நாள் குறித்தும் வேறுபாடு உண்டு. பெயரிலும் இணக்கமில்லை: 'வேகன் துயரம்' என்பது பழகிய வழக்கு, அது விபத்தின் சாயலைத் தருகிறது என்போர் 'படுகொலை' என்றே எழுதுகின்றனர். திரூரில் நகர மண்டபமே நினைவுச்சின்னமாய் நிற்கிறது. அதே ஊர் நிலையச் சுவரில் 2018இல் தீட்டிய ஓவியமோ எதிர்ப்பு எழுந்ததும் அழிக்கப்பட்டது. நினைவு எங்ஙனம் கட்டப்படுகிறது, எங்ஙனம் கலைக்கப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

ஆயினும் எழுதுவோர் உணர்ச்சியை மட்டும் நம்பலாகாது. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு சூரா அல்ஹுஜுராத் பணிக்கிறது. அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராய்ச் சோதித்த ஹதீஸ் கலை நம் மரபு. 'சான்று தேவை' என்னும் குறிப்பு நமக்கு அந்நியமன்று. மூன்று எண்களில் நமக்கு உகந்ததை மட்டும் பொறுக்கி இடுவது அம்மரபுக்கு ஒவ்வாது. மூன்றையும் இட்டு, எந்த எண் எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்று காட்டலாம். விசாரணைக் குழு சொன்னது ஒரு பத்தியிலும், தப்பியோர் சொன்னது இன்னொன்றிலும் வரட்டும். நடுநிலை என்று சொல்லிக்கொண்டு நிகழ்வையே சுருக்கிவிடுவதும் பிழைதான். அதனை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றையும் அப்பதிவில் சேர்க்கலாம். கதவு திறந்தது தமிழ் மண்ணில். ஆனால் அந்நிகழ்வு பற்றிய எழுத்தில் பெரும்பகுதி மலையாளத்திலும் ஆங்கிலத்திலுமே உள்ளது. அந்த மக்களுடைய குடும்பமும் மஹல்லாவும் அங்கிருந்தன. இங்கே வண்டி நின்று போனது. ஹால்ப்வாக்ஸ் சொன்ன சமூகச் சட்டகம் இதுவே.