கொன்றையும் கொன்றை போன்றனவும்

கோயிலுக்குக் கோபுரம் எழும் முன்பே அவ்விடத்தில் மரம் நின்றது. தமிழகத்தின் தொன்மையான தலங்கள் பல மரங்களின் பெயராலேயே வழங்கி வருவதை அன்பர்கள் அறிவர். ஆலமரங்கள் செறிந்த காடு திருவாலங்காடு ஆயிற்று. வேலமரங்கள் நிறைந்த இடம் திருவேற்காடு ஆயிற்று. தில்லை மரங்கள் அடர்ந்த வனமே சிதம்பரம் ஆயிற்று. மயிலைக் கபாலீச்சரத்தில் புன்னையும், திருவானைக்காவில் வெண்ணாவலும் தலவிருட்சங்களாக இன்றும் போற்றப்படுகின்றன.

நாம் வாழும் இத்தீவிலும் இம்மரபின் சாயலைக் காணலாம். தெம்பினிஸ் என்னும் வன்மரத்தால் தெம்பனிசும், கெராஞ்சி மரத்தால் கிராஞ்சியும், செம்பவாங் மரத்தால் செம்பவாங்கும் பெயர் பெற்றன. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்து உப்பங்கழியில் வளரும் அதே தில்லை, சிங்கப்பூரின் சுங்கை பூலோ அலையாத்திக் காட்டிலும் இயற்கையாக வளர்கிறது. மயிலையின் புன்னையும் நம் கடலோரங்களுக்கு உரிய மரமே. ஆயினும் தில்லையின் பெயரை நாள்தோறும் சொல்லும் நம்மில் எத்தனை பேர் தில்லை மரத்தை நேரில் கண்டு இனம் சொல்ல வல்லோம்?

கொன்றையின் நிலையும் இதுவே. தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்ற என்போன்றோர் எழுத்துக் கூட்டிப் படித்த நாளிலேயே ஔவையாரின் கொன்றைவேந்தனை மனப்பாடம் செய்தோம். கொன்றை மாலை சூடிய சிவபெருமானின் மைந்தனை வணங்கித் தொடங்கும் அந்நூல், அத்தொடக்கச் சொற்களாலேயே பெயர் பெற்றது. நூலின் பெயர் நெஞ்சில் நின்றது. மரத்தின் வடிவம் நிற்கவில்லை. அதனால் சாலையோரத்தில் மஞ்சளாய்ப் பூத்த மரம் எதுவாயினும் அதைக் கொன்றை என்றே சொல்லிவிடுகிறோம். இப்பிழை சிறிதெனத் தோன்றலாம். ஆனால் மரத்தைப் பிரித்தறியாமையால் காடுகளே அழியும் நிலை தமிழகத்தில் நேர்ந்திருப்பதால், இதனைச் சற்று விரிவாக ஆராய்வது பொருத்தமாகும்.

சிங்கப்பூரின் இளவேனில்

நம் முன்னோர் சித்திரையும் வைகாசியும் இளவேனில் என வகுத்தனர். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் அத்தகைய பருவப் பிரிவு இல்லை. எனினும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் வறண்ட நாள்களை அடுத்து நல்ல மழை பெய்யுமானால், சில வாரங்களில் சாலையோர மரங்கள் ஒருசேரப் பூக்கின்றன. பெரும்பாலும் மார்ச் முதல் மே வரையிலும், சில ஆண்டுகளில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மறுமுறையும் இக்காட்சியைக் காணலாம். வறட்சியும் அதைத் தொடர்ந்த மழையுமே இம்மரங்களுக்கு நாட்காட்டி.

மழையை நம்பி மரம் பூப்பதைச் சங்கப் புலவரும் கூர்ந்து நோக்கினர். காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கார்காலம் என்று மயங்கிக் கொன்றை பூத்துவிட்டதாகத் தோழி கூறித் தலைவியைத் தேற்றும் பாடல் ஒன்று குறுந்தொகையில் உண்டு. கொன்றையின் இயல்பை அறிந்தவர்களுக்கே அவ்வாறு பாடுதல் இயலும்.

பொன்னிறப் பூக்கள்

சரக்கொன்றை என்னும் உண்மையான கொன்றை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அவற்றை ஒட்டிய நாடுகளுக்கும் உரியது. கேரள மக்கள் விஷு நாளில் கணி காண வைப்பதும், தாய்லாந்து தன் தேசிய மலராகக் கொண்டிருப்பதும் இம்மலரே. இதன் பூங்கொத்து கிளையிலிருந்து சரம் சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும். சரக்கொன்றை என்னும் பெயரே இவ்வடையாளத்தைச் சொல்லிவிடுகிறது. இலையின் நடுக்காம்பில் அகன்ற பெரிய சிற்றிலைகள் சில இணைகளே இருக்கும். காய் உருண்டு நீண்டு, முற்றியபின் கருத்த கோல்போல் தொங்கும். சித்த மருத்துவத்தில் பயன்படுவது இக்காயின் உள்ளிருக்கும் புளி போன்ற சதையே.

சிங்கப்பூர்ச் சாலைகளில் இதனோடு மிகுதியும் மயங்கப்படுவது பெருங்கொன்றை. இதனை இயல்வாகை என்றும் கூறுவர். மலாய் மொழியில் இதற்கு ஜெமெர்லாங் லாவுட் என்று பெயர். இது தென்கிழக்காசியக் கடலோரங்களுக்கே உரிய மரம். ஜாவாவில் பாத்தேக் துணிக்குப் பழுப்புச் சாயம் ஏற்ற இதன் பட்டையைப் பயன்படுத்தினர். பெருங்கொன்றையின் பூங்கொத்து தொங்காது. மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். அரும்புகள் துருவின் நிறத்தில் இருக்கும். இலை புளிய இலையைப் போல் நுண்ணிய சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். காய் தட்டையாகச் செம்பு நிறம் பெற்றிருக்கும். பெயரில் கொன்றை இருந்தாலும், சற்று அண்ணாந்து பார்த்தால் இது வேறு மரம் என்பது விளங்கும்.

மூன்றாவது அங்சானா. முருகப்பெருமான் வள்ளியின் பொருட்டு வேங்கை மரமாகி நின்றதைக் கந்தபுராணம் வழி நாம் அறிவோம். அந்த வேங்கையின் நெருங்கிய உறவே அங்சானா. சிறிய மணமுள்ள மஞ்சள் பூக்கள் ஒரே நாளில் மலர்ந்து உதிர்ந்து சாலையில் பொன்விரிப்பு விரித்துவிடும். காயின் நடுவே விதையும் சுற்றிலும் மெல்லிய சிறகுமாக வட்ட வடிவில் இருக்கும். பருத்த கிளையை வெட்டி நட்டாலும் வேர்விடும் இயல்புடையதாதலால், நகரைப் பசுமையாக்கும் பணியின் தொடக்க ஆண்டுகளில் விரைவில் நிழல் தருவதற்காக இம்மரம் ஏராளமாக நடப்பட்டது.

பிரதமர் நட்ட மரம்

1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸ் பகுதியில் ஒரு மரக்கன்றை நட்டு நாடளாவிய மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 1967இல் பூந்தோட்ட நகரம் என்னும் திட்டமும், 1971 நவம்பரில் ஆண்டுதோறும் நிகழும் மரம் நடும் நாளும் அதனைத் தொடர்ந்தன. 2020இல் பத்து இலட்சம் மரங்களை நடும் இயக்கம் தொடங்கப்பட்டது. இத்தனைக்கும் முதலாக நின்ற அந்த 1963ஆம் ஆண்டு மரக்கன்று எது என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. அது மெம்பாட். இம்மண்ணுக்கே உரிய மரம்.

மெம்பாட் இலை உதிர்த்தபின் கிளை முழுதும் வெண்மை கலந்த இளஞ்சிவப்புப் பூக்களைச் சூடும். தொலைவிலிருந்து காண்போர் ஜப்பானியச் செர்ரி மரமோ என ஐயுறுவர். ஆனால் இன்று சிங்கப்பூரின் சக்குரா என்று பலரும் படம் பிடித்துப் பகிர்வது பெரும்பாலும் மெம்பாட்டை அன்று. தபேபூயா என்னும் எக்காள மரத்தையே. இது மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்காவின் வடபகுதி வரை உரியது. எல் சல்வடோர் நாட்டின் தேசிய மரம்.

இரண்டையும் பிரித்தறிதல் எளிது. தரையில் உதிர்ந்து கிடக்கும் பூவை எடுத்துப் பாருங்கள். விரல் நீளத்தில் ஊதுகுழல் போல் ஒரே குழலாக இருந்தால் தபேபூயா. காசளவே ஆன ஐந்து தனி இதழ்கள் இருந்தால் மெம்பாட். தபேபூயாவின் இலை விரித்த கைபோல் ஐந்து சிற்றிலைகள் உடையது. மெம்பாட்டின் இலை தனி இலை, தளிரில் செந்நிறம் காட்டும்.

செந்நிறப் பூக்கள்

சென்னையின் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த புரசு மரத்தைப் பலாசு என்றும் கூறுவர். இலையுதிர்ந்த கிளைகளில் கிளியின் மூக்குப் போன்ற செம்மஞ்சள் பூக்கள் நிறைவது அதன் அழகு. அதனை நினைவூட்டும் வண்ணம் ருத்ரபலாசு எனச் சிலர் அழைக்கும் மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இதன் பூ கிண்ணம் போல் அகன்று நிமிர்ந்திருக்கும். பூக்கும்போதும் மரத்தில் இலை அடர்ந்திருக்கும். படகு வடிவக் காய் வெடித்ததும் காகிதம் போன்ற சிறகுடைய விதைகள் காற்றில் பறந்து பரவும். சிங்கப்பூரில் கைவிடப்பட்ட நிலங்களிலும் இளங்காடுகளிலும் யாரும் நடாமலே இது முளைத்து நிற்பதைக் காணலாம். உலகின் மிகக் கொடிய நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்கள் எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இம்மரமும் ஒன்று.

விருந்தினரும் ஆக்கிரமிப்பாளரும்

இதனால் அயல்நாட்டு மரங்கள் எல்லாம் தீயன என்று கொள்ளுதல் கூடாது. 1859இல் தங்லினில் நிறுவப்பட்ட பூமலையின் வரலாறே கடல் கடந்து வந்த மரங்களின் வரலாறுதான். சாலைகளுக்குக் குடைபிடிக்கும் தூங்குமூஞ்சி மரம் 1876இல் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கு வந்தது. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர் கன்றுகளும் பிரேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்தவையே. அந்த மரத்தில் பால் வெட்டவே நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஆயிரக்கணக்கில் மலாயாவுக்குக் கப்பலேறினர். சிவாலயங்களில் நாம் பக்தியோடு காணும் நாகலிங்க மரமும் தென்னமெரிக்காவுக்கு உரியதே. ஏன், நம் சரக்கொன்றையும் இத்தீவுக்கு வந்த விருந்தாளிதான்! வந்த இடத்தில் பிறருக்கும் இடம் விட்டு வாழ்பவை விருந்தினர். பிறவற்றை முளைக்கவும் விடாமல் தாமே பரவுபவை ஆக்கிரமிப்பாளர். பிறந்த மண்ணை விட நடத்தையே இங்கு அளவுகோல்.

இதற்குத் தெளிவான சான்று தமிழகத்தில் உண்டு. சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் அமெரிக்க மரம் அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவரப்பட்டது. பொன்மஞ்சளாகப் பூப்பதால் கேரளத்தார் இதற்கு மஞ்சக்கொன்னை என்று கொன்றையின் பெயரையே சூட்டினர். இன்று அது வயநாடு, முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி, அடியில் புல்லும் செடியும் வளரவொட்டாமல் நிழலால் மூடிவிட்டது. மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் உரிய மேய்ச்சல் குறைகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்கத் தமிழக அரசு 2022இல் தனிக் கொள்கை வகுத்தது. வெட்டிய மரங்கள் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் கூழாக்கக் கொடுக்கப்பட்டன. கொன்றையின் சரம் தொங்கும், இதன் கொத்து கிளைநுனியில் நிமிரும்; கொன்றையின் சிற்றிலை சிலவாய் அகன்றிருக்கும், இதன் சிற்றிலை பலவாய்க் குறுகியிருக்கும். இவ்வளவே வேறுபாடு. அதைக் காணத் தவறியோர் அழகெனக் கருதி அதை வளரவிட்டனர்.

நாம் செய்யத்தக்கது

பூவின் நிறம் ஏமாற்றும். இலையும் காயும் ஏமாற்றா. மரத்தை அறிய விரும்புவோர் இவ்வொன்றை நினைவிற் கொண்டாற் போதும். பூங்காவிலோ சாலையோரத்திலோ உள்ள மரத்திலிருந்து பூவையும் கிளையையும் பறித்தல் தவறு. உதிர்ந்தவையே பாடம் படிக்கப் போதுமானவை.

திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் பூமாலை வாங்கும்போது, அதில் உள்ள மலர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மழைக்குப்பின் மரங்கள் பூக்கும் வாரங்களில் பூமலைக்கோ அருகிலுள்ள பூங்காவுக்கோ தாத்தா பாட்டியுடன் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். ஊரில் கொன்றையையும் வேங்கையையும் புரசையும் கண்ணாற் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. தமிழ்ப் பெயரை முதியோர் கூற, மெம்பாட், அங்சானா என்னும் மலாய்ப் பெயர்களையும் பிள்ளைகள் சேர்த்துக் கற்கட்டும். இறைவன் சூடும் கொன்றை இதுவே என்று மரத்தைச் சுட்டிக் காட்டத்தக்க ஒரு பிள்ளையேனும் ஒவ்வொரு குடும்பத்திலும் உருவாக எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.