நம்பாமைக்கும் ஒரு வரலாறு உண்டு

 

அயோத்திதாசப் பண்டிதரின் நினைவாகக் கூடியிருக்கும் இந்த அவையில், மக்கள் ஏன் நிபுணர்களை நம்ப மறுக்கிறார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். படித்தவர்கள் இதைக் கவலையோடும், சில வேளை ஏளனத்தோடும் கேட்கிறார்கள். சேரியில் நின்று கேட்டால் இதே கேள்விக்கு நீண்ட வரலாறு இருப்பது தெரியும்.

நம் பகுதியிலிருந்தே தொடங்கலாம். நடிகர் விவேக்கின் பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கத்துப் பெருங்கோட்டூர். 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார்; எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி இறந்தார். இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்பே காரணம், தடுப்பூசி அல்ல என்று மருத்துவர்கள் உடனே சொன்னார்கள். தடுப்பூசியின் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு அதையே உறுதிசெய்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. இடையில் இருந்த ஆறு மாதத்தை வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டது. இரண்டாம் அலை வந்து உயிர்களை அள்ளிப்போனதும் அந்த ஆறு மாதத்தில்தான்.

மருத்துவர்கள் சொன்னது உண்மை. அந்த உண்மை ஏன் பலரிடம் எடுபடவில்லை? மக்களுக்கு அறிவியல் தெரியாது என்பது சுலபமான பதில். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே இதற்கு முன் என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் வரலாற்றின் வேலை.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் எழுதிய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன. தலையையும் மூக்கையும் அளந்து மனிதர்களை வகைப்படுத்துவது அன்றைய உயர்ந்த அறிவியல். வயநாட்டுப் பணியர் பெண்கள் தம்மைக் கண்டு ஓடியதை அவரே எழுதியிருக்கிறார். தங்களைப் பிடித்துப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று அவர்கள் அஞ்சினார்களாம். உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று சொல்லி அளவெடுக்க மறுத்தார் ஓர் இருளர். தர்ஸ்டனுக்கு இவை வேடிக்கைச் செய்திகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணத்தை அவர்கள் தவறாகச் சொல்லியிருக்கலாம்; உறவைச் சரியாகவே கணித்திருந்தார்கள். அளக்கிறவர் யார், அளக்கப்படுகிறவர் யார், அளந்த கணக்கு யாருக்குப் போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த உறவு வெள்ளைக்காரரோடு கப்பலேறவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. இது சாட்சியத்திலிருந்து வந்த காரணம் அல்ல. யார் எதைச் செய்வார்கள், யார் செய்யமாட்டார்கள் என்று சமூகம் முன்பே வைத்திருந்த கணிப்பு. அது சட்ட அறிவின் உடுப்பில் வந்து நின்றது.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. விசாரணை சிபிசிஐடிக்கு மாறியது. 2023இல் மரபணுச் சோதனைக்கு ரத்த மாதிரி கேட்டபோது அவ்வூர் மக்கள் பலர் மறுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களையே சந்தேகிப்பதா என்பது அவர்கள் கேள்வி. 2025 ஜனவரியில், அதே ஊரின் தலித் இளைஞர்கள் மூவர்மீதே குற்றம் சாட்டியிருப்பதாக அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. மக்கள் அதை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்டார்கள். குற்றத்தைச் செய்தவர் யார் என்று இந்த மேடையில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. மரபணுச் சோதனை நல்ல அறிவியல்தான். ஆனால் வெண்மணியை நினைவில் வைத்திருக்கிற மக்களிடம் 'அறிவியல் சொல்கிறது' என்ற ஒரு சொல் மட்டும் போதாது. யாரை, எந்த வரிசையில், எந்த அடிப்படையில் சோதித்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அறியாமை என்று பெயரிடக் கூடாது.

இங்கேதான் பண்டிதர் நமக்குத் தேவைப்படுகிறார். தர்ஸ்டனின் தொகுதிகள் வருவதற்கு இரண்டாண்டு முன், 1907இல், அவர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். தம் பாட்டனார் கந்தப்பன், ஐரோப்பியர் வீட்டில் பணியாற்றியவர், பாதுகாத்து வந்த திருக்குறள் ஏடுகள் எல்லீசரிடம் போய்ச் சேர்ந்ததைப் பதிவு செய்தவரும் அவரே. ஏடு நம் வீட்டில் இருந்தது. புலமை நமக்கு இல்லை என்று உலகம் சொன்னது. பண்டிதர் அதற்காகப் புலமையைத் தூக்கி எறியவில்லை. நிகண்டுகளையும் பழைய ஏடுகளையும் எடுத்து, இதோ என் சான்று, உன் சான்று எங்கே என்று கேட்டார். அவருடைய எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்டது. அவர் இறந்தது 1914இல். இடைப்பட்ட 85 ஆண்டுகளுக்கும் நம் புலமை உலகம்தான் பொறுப்பு.

அம்பேத்கரும் அப்படியே. தீண்டப்படாதோர் வேற்றினம் என்ற கோட்பாட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட மூக்களவுகளையே 1948இல் வெளியான தம் நூலில் எடுத்துக்கொண்டார். இந்த அளவீட்டை நம்புவதானால், பிராமணரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம் என்பதே முடிவு என்று காட்டினார். தர்ஸ்டனின் கருவி தர்ஸ்டன் காலத்துக் கோட்பாட்டையே உடைத்தது.

ஆகவே நம்பாமையில் இரண்டு வகை உண்டு. ஒன்று சான்று கேட்கும். மற்றது சான்றே வேண்டாம் என்று வந்த செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடும். முதலாவது நம் முன்னோர் சொத்து. இரண்டாவது, எழுத்தை நம்மிடமிருந்து மறைத்து வைத்தவர்களுக்கே நாம் செய்யும் ஊழியம். தடுப்பூசி போடாமல் செத்தால் சாவது நம் பிள்ளைதான். பண்டிதர் தந்த சில சொல்விளக்கங்கள் இன்றைய மொழியியலில் நிற்காது. அதையும் நாமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம்மவர் என்பதற்காகச் சான்று கேட்காமல் விட்டால் அது அவர் காட்டிய வழி ஆகாது.

நிபுணர்களிடம் நாம் வைக்கும் கோரிக்கை பெரியதல்ல. எங்களைப் பற்றிய அறிக்கையை எங்கள் மொழியில், காலத்தோடு எங்கள் முன் வையுங்கள். முறையைச் சொல்லுங்கள். தவறு நேர்ந்தால் அதையும் அறிவியுங்கள். ஆய்வுக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் பல்கலைக்கழகத்திலும் மேசைக்கு இந்தப் பக்கம் மட்டுமல்ல, அந்தப் பக்கமும் எங்கள் பிள்ளைகள் உட்காரட்டும். நம்பிக்கை வேண்டுகோளால் வராது. பதில் சொல்லும் கடமையை ஏற்றுக்கொண்டவரிடம்தான் வரும்.