கூரையைத் தாங்கிய பிசின்

கல்லிலே இரும்பைப் பதிக்கும் கலை பழமையானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்சு நகரத்துப் பார்த்தினான் கோயிலைக் கட்டியோர், பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்து ஈயத்தை உருக்கி வார்த்தனர். 20ஆம் நூற்றாண்டில் செயற்கைப் பிசின் வந்தது. கான்கிரீட்டில் துளையிட்டுப் பிசினை நிரப்பி, மரையிட்ட தண்டைச் செருகினால் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். துளையில் தூசி எஞ்சினால் பிசின் தூசியைத்தான் பற்றும். ஆகவே தூரிகையால் தேய்த்து, காற்றடித்துத் துப்புரவாக்குதல் முதல் வேலை. துளையின் உட்கோடியிலிருந்து நிரப்பாவிடில் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். கூரையில் வேலை செய்வோர்க்கு இது பெருந்தொல்லை.

மாணவர்களே, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துச் சுரங்கச் சாலையொன்றின் கூரையில், கனத்த கான்கிரீட் பலகைகளை இத்தகைய ஆணிகளில் தொங்கவிட்டிருந்தனர். 2006ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் இரவு அவை பெயர்ந்து, ஏறக்குறைய 26 டன் பாரம் ஒரு காரின்மேல் வீழ்ந்தது. அதில் சென்ற பெண்மணி உயிரிழந்தார்.

இத்தனைக்கும் அந்த ஆணிகளை இழுத்துச் சோதித்திருந்தார்கள்! தாங்கவேண்டியதைவிட மிகுந்த பாரத்தை அவை அன்று தாங்கின. ஆனால் சோதனை சிறிது நேரமே நடந்தது. பலகையோ இரவும் பகலும் தொங்கியது. பயன்பட்டது விரைவில் இறுகும் வகைப் பிசின். ஓயாத பாரத்தின்கீழ் அது சிறிது சிறிதாக நெகிழ்ந்து கொடுத்தது என்று 2007இல் வெளியான விசாரணை அறிக்கை கண்டது. பல்லாண்டு விடைத்தாள் திருத்திய எனக்கு, ஒருநாள் தேர்வை நம்பும் இந்த மயக்கம் புதிதன்று.

என்னை வருத்துவது வேறொன்று. 1999ஆம் ஆண்டிலேயே, அத்திட்டத்தின் மற்றொரு பகுதியில், சில ஆணிகள் துளையினின்று இறங்கியிருந்ததைக் கண்டனர். அவற்றை மாற்றினர், மீண்டும் இழுத்துப் பார்த்தனர். ஏன் இறங்கின என்பதற்கு விடை காணாமலே வேலை தொடர்ந்தது. 2003இல் சாலை திறக்கப்பட்ட பின்னரும், அக்கூரையை முறையாக ஏறிப் பார்க்கும் ஏற்பாடு இல்லை. பார்த்திருந்தால் இறங்கும் ஆணிகள் கண்ணுக்குத் தென்பட்டிருக்கும்.

ஜப்பானில் 1977இல் திறந்த சசகோ சுரங்கச் சாலையிலும் பிசினில் பதித்த ஆணிகளே கூரைப் பலகைகளைத் தாங்கின. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அவை வீழ்ந்து ஒன்பதுபேர் மாண்டனர். 2014 முதல் அந்நாட்டில் சுரங்கச் சாலைகளையும் பாலங்களையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அருகே சென்று சோதிப்பது சட்டப்படி கட்டாயமாயிற்று.