உயிர் காலேஜ்

வண்டலூரில் டிக்கெட் வரிசையில் நிற்கும்போதே அம்மா ஆரம்பித்துவிட்டார். “எங்க காலத்துல உயிர் காலேஜ் இவ்ளோ தூரம் இல்லப்பா. சென்ட்ரல்ல எறங்கினா நாலு எட்டுல போயிடலாம்.”

ஆறு வயது மகளுக்கு அந்தப் பெயர் புதிது. “காலேஜா? புலியெல்லாம் படிக்குமா பாட்டி?”

“புலி படிக்காது கண்ணு. நாமதான் போய்ப் படிச்சிட்டு வரணும்.”

பழைய மெட்ராஸ்காரர்களுக்கு இரண்டு காலேஜ்கள் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். சென்ட்ரல் பக்கத்து மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். காணும் பொங்கலுக்கு வெளியூர்க் கூட்டம் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போகும். அருங்காட்சியகம் 1851இல் முதலில் தொடங்கியது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி வளாகத்தில். ‘காலேஜ்’ அங்கிருந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆனால் இந்த இரண்டு காலேஜ்களும் ஒரே வீட்டில் பிறந்தவை. அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். பாடம் செய்த உடல்களையும் கற்களையும் எலும்புகளையும் பார்க்க வருகிற கூட்டத்தைவிட, உயிருள்ள விலங்கு ஒன்றைப் பார்க்க வருகிற கூட்டம் பல மடங்கு அதிகம் என்பதை அவர் கவனித்தார். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளைக் கேட்டு வாங்கினார். 1855இல் எழும்பூர் வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலை தொடங்கியது. ஓராண்டுக்குள் அங்கே முன்னூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். இந்தியாவின் முதல் பொது மிருகக்காட்சிசாலை என்று இதைச் சொல்வதுண்டு.

அதே 1855இல் நவாப் குலாம் கௌஸ் கான் வாரிசில்லாமல் இறந்தார். கம்பெனி நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டது. அரசு போனது, மிருகங்கள் மக்களுக்கு வந்தன. பாரிஸிலும் இதே கதைதான். புரட்சிக்குப் பிறகு வெர்சாய் அரண்மனையில் மிஞ்சிய விலங்குகளைத் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ராஜா மட்டும் பார்த்ததை இனி எல்லோரும் பார்க்கலாம். ஜனநாயகம்தான், சந்தேகமில்லை. கூண்டு மட்டும் மாறவில்லை.

எழும்பூரில் இடம் போதாமல் 1860களின் தொடக்கத்தில் எல்லாம் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறின. கவர்னர் டிரெவெல்யன் காலத்தில் நகர மக்களுக்காக உருவாக்கிய பெரிய பூங்கா அது. பிறகு நகரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது, 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் ரிப்பன் மாளிகை. கட்டடங்களுக்கு இடம் கொடுத்துக் கொடுத்துப் பூங்கா சுருங்கியது.

1970 வாக்கில் என் அம்மா பார்த்தது இந்த மிச்சத்தைத்தான். அரக்கோணத்திலிருந்து ரயிலேறி வந்திருக்கிறார்கள். அவருக்கு எட்டு வயது. “எல்லாத்தையும் பக்கத்துல பார்க்கலாம். புலி மூச்சு விடுறது கேட்கும். குரங்குக்குக் கடலை போடுவோம்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நாங்களோ நடந்துகொண்டே இருந்தோம். மூன்று வயது மகன் என் தோளில் தூங்கிவிட்டான். மனைவி தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் பையுமாக வந்தாள். புலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அகழி, அதற்கு அப்பால் புதர், மூங்கில், மேடு. புலி மட்டும் இல்லை.

“எங்கப்பா புலி?”

“உள்ளதாம்மா இருக்கும். தூங்குது.”

“எழுப்பச் சொல்லு.”

பத்து நிமிடம் நின்றோம். பக்கத்தில் ஒருவர் கைதட்டினார், இன்னொருவர் விசிலடித்தார். காவலர் வந்து அதட்டிவிட்டுப் போனார். மகள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். “இவ்ளோ காசு குடுத்து வந்து செடியைப் பார்க்கவா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். நேர்மையாகச் சொன்னால் என் மனதிலும் அதேதான் ஓடியது.

அந்த அகழிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஹாம்பர்க்கைச் சேர்ந்த விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக் 1907இல் கம்பியில்லாத மிருகக்காட்சிசாலை ஒன்றைத் திறந்தார். எந்த விலங்கு எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் தாவும் என்று கணக்கிட்டு, அதைவிட அகலமான பள்ளம் வெட்டி, பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாதபடி மறைத்துவிட்டார். சிங்கம் வெட்டவெளியில் நிற்பதுபோல் இருக்கும். உலகமே அவரைப் பின்பற்றியது. ஆனால் இதே ஹாகன்பெக், 1870களில் தொடங்கி, லாப்லாந்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் மனிதர்களை அழைத்துப்போய், குடிசை போட்டு, ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தவர். அகழி விலங்கின் மேலுள்ள இரக்கத்தில் மட்டும் பிறந்ததல்ல. கம்பி நம் கண்ணை உறுத்தியது, அதனால் கம்பியை மறைத்தார்.

மெட்ராஸில் இடமே இல்லாமல் போனபிறகு, 1976இல் வண்டலூர் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கினார்கள். 1979இல் வேலை தொடங்கியது. 1985 ஜூலை 24 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 30 அன்றுதான், பழைய உயிர் காலேஜின் அண்டை வீடான மூர் மார்க்கெட் எரிந்துபோனது. இன்று வண்டலூர் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். ஹாகன்பெக்கின் அகழி இங்கேயும் வந்தது, ஆனால் கூடவே புதரும் நிழலும் வந்தன. அகழி நமக்கு, புதர் புலிக்கு. தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க அதற்கு ஒரு இடம்.

இதைச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் புலி நடந்துக்கிட்டே இருக்கும்டா. அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும். நாங்க போனப்பவும் நடந்துச்சு, திரும்பி வர்றப்பவும் நடந்துச்சு. அதுக்கு என்ன வேலைன்னு எங்கப்பாவைக் கேட்டேன்” என்றார். அது ஒரு நோய்க்குறி என்று இன்று தெரியும். அடைபட்ட விலங்கு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். என் தொழில் மொழியில் சொன்னால், வெளியேறும் நிபந்தனை எழுதாத லூப். அம்மா அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதைத்தான்.

கடைசியாக வெள்ளைப்புலி. அது வெளியே வந்து, வெயிலில், எல்லோருக்கும் தெரிகிறமாதிரி படுத்திருந்தது. மகள் துள்ளினாள். ஐம்பது ஃபோன்கள் உயர்ந்தன, என்னுடையதும்.

“அப்பா, இது எந்தக் காட்டுலேருந்து வந்துச்சு?”

“வடக்க ஒரு காடு” என்றேன். குழந்தையிடம் சொல்வதற்குச் சுலபமான பதில்.

அன்றிரவு குழந்தைகள் தூங்கியபின் தேடிப் படித்தேன். வெள்ளைப்புலி தனி இனமே இல்லை. வங்கப்புலியின் ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அது வந்தால்தான் குட்டி வெள்ளையாகும். 1951இல் ரேவா மன்னர் காட்டில் ஒரு வெள்ளைக் குட்டியைப் பிடித்து மோகன் என்று பெயர் வைத்தார். சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது எல்லாக் குட்டிகளும் ஆரஞ்சு நிறம். அதில் ஒன்றான ராதாவை, மோகனின் சொந்த மகளை, மோகனோடே சேர்த்தார்கள். 1958இல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அதே ஆண்டில்தான் காட்டில் கடைசியாகப் பதிவான வெள்ளைப்புலி சுடப்பட்டது. உலகக் காட்சிச் சாலைகளின் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை மோகனின் வழிவந்தவை. உறவுக்குள்ளேயே பெருக்கியதன் விளைவுகளும் கூடவே வந்தன. மாறுகண் அவற்றிடம் சாதாரணம்.

வண்டலூரில் நான் பார்த்த அந்தக் குறிப்பிட்ட புலியின் தாத்தா, கொள்ளுத்தாத்தா யார் என்பதல்ல விஷயம். கூட்டம் வெள்ளையைப் பார்க்க விரும்பியது, அதனால் வெள்ளை பிறந்தது. பால்ஃபர் 1850களில் கவனித்த அதே கூட்டம். ஃபோனைத் தூக்கி நின்ற நானும் அதில் ஒருவன்.

மறுநாள் இரவு மகளிடம் சொன்னேன். “நேத்து அப்பா தப்பாச் சொல்லிட்டேன். அந்த வெள்ளைப்புலி காட்டுலேருந்து வரல. இந்த மாதிரி இடத்துலதான் பொறந்துச்சு. அதோட அப்பா அம்மாவும் அப்படித்தான்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப அதுக்குச் சொந்த ஊரே இல்லையா?”

“இதுதாம்மா அதுக்கு ஊரு.”

“லீவுக்கு எங்க போகும்?”

எனக்குப் பதில் இல்லை. பக்கத்தில் படுத்திருந்த அம்மாதான், “அதுக்கு லீவே கிடையாது கண்ணு. அதைப் பார்க்கத்தான் நமக்கு லீவு” என்றார்.

மகள் வேறெதுவும் கேட்கவில்லை. விளக்கை அணைத்தபிறகு, இருட்டில், “அந்த இன்னொரு புலி வெளியவே வராம இருந்துச்சே, அதுதான் நல்ல புலி” என்றாள்.