ஒரு மணி நேரத்துக்கு 1,500 டாலர்: மலைக் கொரில்லாக்கள் பிழைத்த கதை

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இப்போது ஆப்பிரிக்கப் பயணம் சகஜமாகிவிட்டது. காசி, பத்ரிநாத் எல்லாம் முடித்தவர்கள் அடுத்தது மசாய் மாரா என்கிறார்கள். சிங்கத்தையும் யானையையும் பார்த்துத் திரும்பியவர்கள், ருவாண்டாவில் மலைக் கொரில்லாவைப் பார்க்க ஆளுக்கு 1,500 டாலர் என்று கேட்டதும் மலைத்துப்போகிறார்கள். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல். அதுவும் ஒரே ஒரு மணி நேரத்துக்கு! "ஒரு குரங்கைப் பார்க்க இவ்வளவா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்தக் கட்டணத்துக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. படித்துத் தெரிந்துகொண்டவரை எழுதுகிறேன்.

சஃபாரி என்ற சொல்லுக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் பயணம் என்றுதான் பொருள். வெள்ளைக்காரர்கள் வந்த பிறகு அது வேட்டைப் பயணம் என்று ஆகிவிட்டது. 1909-ல் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் மகனும் அங்கே போய் 500-க்கு மேற்பட்ட பெரிய விலங்குகளைச் சுட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு என்று பெயர். மலைக் கொரில்லாவை வெளியுலகம் அறிந்ததும் துப்பாக்கி வழியாகத்தான். 1902-ல் ராபர்ட் வான் பெரிங்கே என்ற ஜெர்மன் படை அதிகாரி விருங்கா எரிமலைத் தொடரில் ஏறும்போது இரண்டைச் சுட்டார். சுட்டவர் பெயரையே அந்த விலங்குக்கு அறிவியல் பெயராகவும் வைத்துவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் கார்ல் ஏக்லி. நியூயார்க் அருங்காட்சியகத்துக்காக விலங்குகளைப் பாடம் செய்து வைப்பவர். 1921-ல் அவர் குழு ஐந்து கொரில்லாக்களைக் கொன்றது. ஆனால் அந்த முகங்களைப் பக்கத்தில் பார்த்த பிறகு அவர் மனம் மாறியது. இவற்றைக் காக்க வேண்டும் என்று பெல்ஜியம் அரசிடம் வாதாடினார். அதன் பலனாக 1925-ல் ஆல்பர்ட் தேசியப் பூங்கா உருவானது. ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்கா அதுதான். மறு வருஷம் திரும்பவும் அங்கே போன ஏக்லி நோயுற்று இறந்தார். மிக்கேனோ மலையிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

பூங்கா என்று அறிவித்துவிட்டால் காடு காப்பாற்றப்பட்டுவிடுமா? ருவாண்டா சின்ன நாடு. குடியானவர்கள் நிறைய, நிலமோ கொஞ்சம். மலைச் சரிவெல்லாம் உருளைக்கிழங்கும் அவரையும் காட்டின் விளிம்பு வரை பயிராகின்றன. 1960-களின் கடைசியில் ஐரோப்பியப் பண உதவியோடு, பூங்காவிலிருந்து சுமார் 10,000 ஹெக்டேரை வெட்டி எடுத்து பைரெத்ரம் பயிரிட்டார்கள். பூச்சிக்கொல்லி மருந்துக்காக வளர்க்கும் பூச்செடி அது. ஐரோப்பாவின் பூச்சிமருந்துக்காகக் கொரில்லாவின் வீடு போயிற்று.

டயான் ஃபாஸி என்ற அமெரிக்கப் பெண்மணியின் பெயரை நம்மில் பலர் கேட்டிருப்போம். அவர் வாழ்க்கை 1988-ல் ஹாலிவுட் படமாகவும் வந்தது. 1967-ல் கரிசோகே என்ற இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, ஒவ்வொரு கொரில்லாவையும் மூக்கின் சுருக்கத்தை வைத்தே அடையாளம் கண்டு பெயர் வைத்தார். அவருக்கு மிகவும் பிடித்தது டிஜிட். 1977-ம் வருஷத்தின் கடைசி நாளில் வேட்டைக்காரர்கள் அதைக் குத்திக் கொன்றார்கள். தலையும் கைகளும் காணவில்லை. அந்நாளில் கொரில்லாவின் தலையையும் கையையும் வாங்கிப்போக வெளிநாட்டவர்கள் இருந்தார்கள். ஃபாஸி வேட்டைக்காரர்களோடு போர் தொடுத்தார். கண்ணிகளை அறுத்தார், பிடிபட்டவர்களைக் கடுமையாக நடத்தினார். சுற்றுலாவும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1985 டிசம்பரில் தன் குடிசையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார்.

அவருடைய துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்தக் கதையில் திருப்பம் வேறொரு தம்பதியால் வந்தது என்பது என் எண்ணம். பில் வெபர், ஏமி வெட்டர் என்று இருவர் 1978-ல் அங்கே போனார்கள். அப்போது விருங்காவில் மிஞ்சியிருந்தவை 250 சொச்சம் கொரில்லாக்கள். மனைவி கொரில்லா என்ன தின்கிறது, எவ்வளவு காடு வேண்டும் என்று ஆராய்ந்தார். கணவர் கீழே இறங்கி, காட்டோரக் குடியானவர்களிடம் போய்ப் பேசினார். கிட்டத்தட்ட பாதிப்பேர், காட்டை அழித்து நிலமாகக் கொடுத்தால் நல்லது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காட்டிலிருந்து அவர்களுக்கு வந்ததெல்லாம் பயிரை மிதிக்கும் காட்டெருமைதான். இதற்கிடையில் இன்னும் 5,000 ஹெக்டேரை மாட்டுப்பண்ணைக்காக எடுக்கும் திட்டமும் அரசிடம் இருந்தது.

மாட்டுப்பண்ணை தரும் வருமானத்தைவிடக் கொரில்லா அதிகம் தரும் என்று காட்டினால்தான் காடு பிழைக்கும் என்று இந்தத் தம்பதி கணக்குப் போட்டார்கள். 1979-ல் மலைக் கொரில்லாத் திட்டம் தொடங்கியது. காவலை பலப்படுத்தினார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் ஊர்களுக்கும் போய், மேலே காடு போனால் கீழே ஓடை வற்றும் என்று புரியவைத்தார்கள். மூன்றாவதாகச் சுற்றுலா. மாட்டுப்பண்ணைத் திட்டம் கைவிடப்பட்டது.

அவர்கள் வகுத்த சுற்றுலா நாம் பார்த்துப் பழகிய சுற்றுலா இல்லை. காட்டுக் கொரில்லா மனிதரைக் கண்டால் ஓடும், இல்லையேல் பாயும். அது நம்மைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழக்கவே இரண்டு வருஷம்வரை பிடிக்கும். பழகிய ஒரு குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு ஒரே ஒரு குழு. குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. பக்கத்தில் நிற்பது ஒரு மணி நேரம்தான். தொடக்கூடாது, தள்ளி நிற்க வேண்டும். ஜலதோஷம், இருமல் இருந்தால் அனுமதி இல்லை. நமக்குச் சாதாரணச் சளி. அதே கிருமி கொரில்லாவுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இடமில்லை. வயதானவர்களுக்கு இடம் உண்டு! ஏற முடியாதவர்களை நாற்காலி கட்டித் தோளில் தூக்கிப்போக ஆட்கள் இருக்கிறார்கள், நம் சபரிமலை டோலி மாதிரி. சுமை தூக்குகிறவர்கள் எல்லாம் காட்டோர ஊர்க்காரர்கள். முன்பு கண்ணி வைத்தவர்களும் அவர்களில் உண்டு.

கூட்டத்தைக் கூட்டிப் பணம் சேர்க்கவில்லை, கூட்டத்தைக் குறைத்துக் கட்டணத்தை ஏற்றினார்கள். 2017-ல் ருவாண்டா 750 டாலரை ஒரேயடியாக 1,500 ஆக்கியது. 2005 முதல் பூங்கா வருமானத்தில் நூற்றுக்கு 5 பங்கு சுற்றுப்புற ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2017-ல் அதை 10 ஆக்கினார்கள். பள்ளிக்கூடம், குடிநீர், மருத்துவ நிலையம் என்று அது செலவாகிறது. காட்டெருமை வயலில் இறங்காமல் எல்லை நெடுகக் கல்சுவரும் எழுந்தது. வருஷந்தோறும் அந்த வருஷம் பிறந்த குட்டிகளுக்கு ஊர்கூடிப் பெயர் சூட்டுகிறார்கள். குவிட்டா இசினா என்று அந்த விழாவுக்குப் பெயர். தங்கள் வீட்டுக் குழந்தைக்குச் செய்யும் சடங்கையே கொரில்லாக் குட்டிக்கும் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

1994-ல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலை நாம் பத்திரிகையில் படித்துப் பதைத்தது. லட்சக்கணக்கான மனிதர்கள் மாண்ட அந்த நாட்டில் கொரில்லாக்களில் பெரும்பாலானவை தப்பின. 1999-ல் உகாண்டாவின் பிவிண்டி காட்டில் ஆயுதக் கும்பல் எட்டு வெளிநாட்டுப் பயணிகளைக் கொன்றது. அதையும் தாண்டி இந்த ஏற்பாடு நின்றது. 2018-ல் வெளியான கணக்கில் விருங்காவில் மட்டும் 604. மறு வருஷம் பிவிண்டியின் 459-ஐயும் சேர்த்து 1,063 என்று அறிவித்தார்கள். உலகத்தில் எந்த மிருகக்காட்சிசாலையிலும் மலைக் கொரில்லா கிடையாது. இருப்பது இந்தக் காடுகளில்தான்.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் தீராத பற்று ஒன்று இருக்கிறது. இந்தக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் பாட்வா மக்கள். தேனும் கிழங்கும் எடுத்து, சிறு வேட்டையாடிப் பிழைத்தவர்கள். 1991-ல் பிவிண்டி தேசியப் பூங்கா ஆனபோது அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். பட்டா இல்லை, அதனால் நஷ்டஈடும் இல்லை. காட்டைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்கள் பிறர் நிலத்தில் கூலிகளாக, புறம்போக்கில் குடியிருப்பவர்களாக ஆனார்கள். 2021-ல் உகாண்டாவின் அரசியல் சாசன நீதிமன்றம் இவர்களுக்கு அநீதி நடந்தது என்று தீர்ப்புச் சொன்னது. முப்பது வருஷம் கழித்து! இன்று சில பாட்வாக்கள் வழிகாட்டிகளாகப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப்போய், நெருப்பு மூட்டுவது எப்படி, தேன் எடுப்பது எப்படி என்று செய்து காட்டுகிறார்கள். தாங்கள் வாழ்ந்த வாழ்க்கையைத் தாங்களே காட்சியாக நடித்துக் காட்ட வேண்டிய நிலை. கூலி கிடைக்கிறது என்று திருப்திப்பட என்னால் முடியவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. 2020-ல் கொரோனா வந்து பயணிகள் நின்றார்கள், காட்டோரத்தில் வருமானமும் நின்றது. அந்த ஜூன் மாதம் பிவிண்டியில் ரஃபிகி என்ற முதுகு நரைத்த ஆண் கொரில்லா, அதன் குடும்பத்துக்கே தலைவன், ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தது. குத்தியவனுக்கு 11 வருஷச் சிறை. தண்டனை சரிதான். ஆனால் விமானம் பறந்தால்தான் காடு பிழைக்கும் என்றால் அது எத்தனை நாளைக்கு?

மற்ற இடங்களிலும் இதே கேள்விதான். செரெங்கெட்டியிலிருந்து 1959-ல் மசாய் மக்களை வெளியே அனுப்பினார்கள். கென்யாவிலோ இன்று மசாய் மாராவின் ஓரத்தில் மசாய்க் குடும்பங்கள் தங்கள் நிலத்தை வனவிலங்குக்காகக் குத்தகைக்கு விட்டு மாதாமாதம் பணம் பெறுகின்றன. அங்கே மாட்டுக்காரனும் பங்குதாரன்.

ஆகவே 1,500 டாலர் அதிகமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: கொரில்லாவுக்கு அது அதிகமில்லை. கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும். ஆனால் ஆப்பிரிக்கா போகப் பதிவு செய்யும்போது விடுதியில் நீச்சல்குளம் உண்டா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த நிலம் யாருடையது, நாம் கொடுப்பதில் அவர்களுக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பயண ஏற்பாட்டாளர் பதில் தேடித்தான் ஆக வேண்டும். காட்டோரக் குடியானவரின் வயிறு காயாதவரை கொரில்லாவுக்குப் பயமில்லை. பாட்வாக்களுக்கு நிலம் கிடைக்கும் நாளில்தான் இந்தக் கணக்கு நேராகும்.